மைனஸ் பதினெட்டு

ஃபிரிட்ஜின் கதவில் மைனஸ் பதினெட்டு என்று நீல எழுத்தில் எரிந்துகொண்டிருந்தது. என் கையிலிருந்த பால் பை தளதளவென்று ஆடியது. மைனஸ் பதினெட்டில் பால் ஆடாது. கல்லாக இருக்கும், மேசையில் தட்டினால் டொக்கென்று கேட்கும். இது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவனுக்கும் தெரியும். அந்தப் பெட்டிக்கு மட்டும் தெரியவில்லை.

"பொய் சொல்லுது," என்றேன்.

"ஆர் அப்பா?" அறைக்குள்ளிருந்து என் மகள் ரூபிகா கேட்டாள்.

"உன்ரை ஃபிரிட்ஜ்."

நாகேந்திரம் என் பெயர். புதுக்கடை நீதிமன்றத்தில் முப்பத்தொரு வருடம் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன். தமிழில் சொல்வதைச் சிங்களத்திலும் சிங்களத்தில் கேட்பதைத் தமிழிலும் கூட்டாமல் குறைக்காமல் சொல்வது என் வேலை. அங்கே நான் பார்த்த பொய்க்காரருக்குக் கணக்கில்லை. வியர்க்கிறவன், தடுமாறுகிறவன், தண்ணீர் கேட்கிறவன் எல்லாம் அரைகுறைகள். முழுப் பொய்க்காரன் எத்தனை தரம் கேட்டாலும் ஒரே பதிலை ஒரே குரலில் சொல்லுவான். இந்தப் பெட்டி மூன்று நாளாக அதைத்தான் செய்துகொண்டிருந்தது. காலையில் மைனஸ் பதினெட்டு, மத்தியானம் மைனஸ் பதினெட்டு, கதவைத் திறந்து வைத்துப் பார்த்தால் மிஞ்சினால் பதினேழு.

ஐஸ்கிரீம் உருகியிருந்தால் நான் இவ்வளவு கத்தியிருக்க மாட்டேன். அதற்குள் இருந்தது என் மகளின் பால். பேரன் சாரங்கனுக்கு நாலரை மாதம். பசுப்பால் அவனுக்கு ஆகாது. இரண்டாம் மாதத்தில் ஒரு நாள், எல்லாரும் செய்வதுதானே என்று கொஞ்சம் பால்மா கரைத்துக் கொடுத்தோம். உடம்பெல்லாம் தடித்து, மலத்தில் இரத்தம் போய், நாலு நாள் வார்ட்டில் கிடந்தான். தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் வாயில் வைக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ரூபிகாவும் பால்தேத்தண்ணியைத் தொடுவதில்லை, தயிரைத் தொடுவதில்லை.

அவளுடைய பிரசவ விடுமுறை இந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. திங்கட்கிழமை பம்பலப்பிட்டியில் உள்ள கந்தோருக்கு அவள் வேலைக்குப் போயே ஆகவேண்டும். அதற்காக ஒன்பது கிழமையாக விடியற்காலை நாலரைக்கு எழும்பி, பிள்ளைக்குக் கொடுத்தது போக மிச்சத்தைப் பம்பில் எடுத்து, சின்னச் சின்னப் பைகளில் அடைத்து, ஒவ்வொன்றிலும் திகதி எழுதி ஃபிரீஸரில் அடுக்கி வைத்திருந்தாள். மொத்தம் அறுபத்தொரு பை. வேலை நாளுக்கு ஐந்து பை என்று வைத்தால் இரண்டு கிழமைக்கு மேல் தாங்கும், அதற்குள் கந்தோரில் எடுத்துக் கொண்டுவந்து பழகிவிடலாம் என்பது அவள் திட்டம். அந்த அறுபத்தொரு பையில் ஒன்றுதான் இப்போது என் கையில் ஆடிக்கொண்டிருந்தது.

போதாததற்குக் கந்தசஷ்டி. நான் விரதம். பகலெல்லாம் தண்ணீர், மாலையில் ஒரு கிளாஸ் பாலும் ஒரு வாழைப்பழமும். இன்று சனிக்கிழமை, நாலாம் நாள். எனக்குச் சாதாரண நாளிலேயே கோபம் மூக்குக்கு மேலே இருக்கும் என்று என் மனுசி அன்னபாக்கியம் சொல்லுவாள். அவள் போய் இரண்டு வருடமாகிறது. விரத நாளில் அந்தக் கோபம் எங்கே இருக்கும் என்று சொல்ல இப்போது ஆளில்லை.

வியாழக்கிழமைதான் முதலில் பார்த்தோம். பைகளின் விளிம்பு இளகியிருந்தது. தோஹாவில் இருக்கும் மருமகன் ஜனாவுக்கு அழைத்தேன். அவர் எஞ்சினியர்.

"மாமா, ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பாத்தனீங்களே?" என்றார்.

உலகத்தில் உள்ள எல்லா நோய்க்கும் அவரிடம் அந்த ஒரே மருந்துதான். ஓஃப் பண்ணினேன், பத்து நிமிடம் நின்றேன், ஓன் பண்ணினேன். மைனஸ் பதினெட்டு.

"மைனஸ் பதினெட்டு எண்டால் சரிதானே மாமா," என்றார்.

ஃபோனை வைத்துவிட்டு, கீழே இறங்கிப் போய் எங்கள் தொடர்மாடியைப் பார்த்துக்கொள்ளும் புஷ்பராஜைப் பிடித்தேன். கரண்ட் கூடிக் குறைகிறதா என்று கேட்டேன். எல்லா வீட்டுக்கும் ஒரே லைன்தான் ஐயா, நாலாம் மாடியில் ஏசி வேலை செய்கிறது, உங்களுக்கு மட்டும் எப்படிக் குறையும் என்று அவன் என்னையே திருப்பிக் கேட்டான். செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டு மீனெல்லாம் வாங்கிச் சமைத்துச் சாப்பிட்டவன் அவன். அந்த நன்றியாவது இருந்திருக்கலாம். விரதம் தொடங்க முன்னால் ஃபிரீஸரில் இருந்த பாரையையும் இறாலையும் அவனிடம்தான் கொடுத்துவிட்டு, பெட்டியைக் கழுவித் துப்புரவாக்கி வைத்தேன். மூன்று மாதத்துக்கு முந்தி நல்லூர்க் கோயில் கொடியேற்றத்துக்கும் அப்படித்தான் செய்தேன். விரத வீட்டில் மீன் வாடை இருக்கக் கூடாது. அதை அன்னபாக்கியம் ஒரு வருடம்கூடத் தவறவிட்டதில்லை, நானும் விடவில்லை.

வெள்ளிக்கிழமை கம்பனி ஆள் வந்தான். கையில் ஒரு டோர்ச் லைட்டைத் தவிர வேறு சாமான் இல்லை. கதவைத் திறந்தான், டோர்ச் அடித்தான், மூடினான். "கேஸ் அடுயி மாத்தயா," என்றான். கேஸ் குறைந்துவிட்டதாம்.

எப்படித் தெரியும் என்று அவனுடைய சிங்களத்திலேயே கேட்டேன். அனுபவம் என்றான். அப்படியானால் இது ஏன் மைனஸ் பதினெட்டு என்று காட்டுகிறது என்றேன். அப்போ போர்ட் பிழை, போர்ட்டையும் மாற்றவேண்டும் என்றான். நான் மூன்றாவது கேள்வி கேட்டிருந்தால் வீட்டையே மாற்றச் சொல்லியிருப்பான். போகிற போக்கில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, கதவை அடிக்கடி திறக்கிறீர்கள் போல இருக்கிறது, அதுவும் ஒரு காரணம் என்று ஒரு வார்த்தையை எறிந்துவிட்டுப் போனான்.

அவன் சொன்னதில் ஒன்றையும் நான் நம்பவில்லை, அந்தக் கடைசி வார்த்தையைத் தவிர. அது எனக்கு வசதியாக இருந்தது.

"இது அலுமாரி இல்லைப் பிள்ளை," என்று ரூபிகாவிடம் தொடங்கினேன். "மணித்தியாலத்துக்கு ஒருக்கால் திறந்து பையை எண்ணிக்கொண்டு நிண்டால் எந்தப் பெட்டி குளிரும்?"

"வைக்கிறதுக்குத்தானே அப்பா திறக்கிறன்."

"சூட்டோடை வைக்கிறாய்."

"ஆறவைச்சுத்தான் வைக்கிறன். கீழ்த்தட்டிலை அரை மணித்தியாலம் வைச்சுத்தான் மேலை வைக்கிறன்."

"எல்லாத்துக்கும் ஒரு பதில் வைச்சிருக்கிறாய். நாளைக்குப் பிள்ளை பசியிலை கத்தேக்கை அவனுக்கும் இந்தப் பதிலைச் சொல்லு."

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிய உடனேயே தெரிந்தது. அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அழுகிற சத்தம் கேட்டது. விரதத்தோடு இருக்கிற மனிதனை வெறுப்பேற்றினால் இப்படித்தான் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு சாய்மனைக் கதிரையில் இருந்தேன்.

அன்று பின்னேரமே இரண்டாம் மாடி ஹமீமா மேலே வந்தார். அவருடைய கணவருக்குக் காலி வீதியில் புடவைக் கடை. ரூபிகா அழுத கண்ணோடு கதவைத் திறந்திருக்க வேண்டும், அவர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு உள்ளே வந்தார்.

"எங்கட டீப் ஃபிரீஸர் ஈக்கிது தானே மகள். பால அங்க கொண்டு வந்து வைங்க," என்றார்.

ரூபிகா என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பெட்டி முழுக்க மாட்டிறைச்சி என்று எனக்குத் தெரியும். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஆள் வைத்துத் தூக்கி வந்து இறக்கியதைப் பார்த்தவன் நான்.

"வேண்டாம் பிள்ளை, நாளைக்கு ஆள் வந்து திருத்திப்போடுவான்," என்றேன். ஹமீமா போனபின் ரூபிகாவிடம், "ஆறு நாள் பொறுக்கேலாதே? விரத வீட்டுச் சாமானைக் கொண்டுபோய் அதுக்குள்ளை வைக்கிறதே?" என்றேன்.

"பாலும் விரதமே அப்பா?" என்று கேட்டாள். நான் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டேன். விளிம்பில் இளகியிருந்த பைகள் அன்றிரவு முழுக்க எங்கள் பெட்டியிலேயே இருந்தன.

அந்த ஹமீமாதான் சனிக்கிழமை காலை அஷ்ரப்பை அனுப்பி வைத்தார். கொட்டாஞ்சேனையில் ஃபிரிட்ஜ் திருத்துகிறவர், நாற்பது வயதிருக்கும், ஒரு பழைய ரெக்சின் பை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். கதவில் இருந்த நம்பரைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. அதுவே எனக்குப் பிடித்துக்கொண்டது.

"சேர், கொஞ்சம் ஐஸ் தாங்க. ஒரு கிளாஸ்ல," என்றார்.

பிடித்தது போய்விட்டது.

"ஐஸ் இருந்தால் உம்மை ஏன் தம்பி கூப்பிடுறன்?"

அவர் சிரித்தார். "செரி, அது ஞாயம். கீழ வீட்டுல எடுப்பம்." ஹமீமாவுக்கு ஃபோன் பண்ணினார். பிறகு பையிலிருந்து ஒரு சின்ன வெப்பமானியை எடுத்து, அதன் வயரை ஃபிரீஸருக்குள் விட்டுக் கதவை மூடினார். கால் மணித்தியாலம் கழித்து வாசித்தார். பிளஸ் ஒன்று. வெளியே கதவில் மைனஸ் பதினெட்டு.

"இது நீங்க செட் பண்ணின நம்பரா, பொட்டி சொல்ற நம்பரா?"

"பெட்டி சொல்லுறதுதான். முந்தி கதவைத் திறந்தால் மாறும்."

"அப்ப பொட்டிக்கு ஆரோ பொய் சொல்றாங்க," என்றார். "பொட்டி பாவம். மைனஸ் பதினெட்டு ஈக்கிது, போதும்ண்டு நெனச்சு கொம்பிரசர நிப்பாட்டிப் போட்டு ஈக்கிது. கேஸ் எல்லாம் நல்லம். கொம்பிரசர் ஓடக்குள்ள காத்து வார ஓட்டைல கை வெச்சுப் பாத்தேன், ஐஸ் மாதிரி."

நான் மூன்று நாளாகச் சொன்னதை ஒருவன் ஒப்புக்கொண்டதில் எனக்கு வயிறு நிறைந்தமாதிரி இருந்தது. "கேட்டியே பிள்ளை, பொய் சொல்லுது எண்டு நான் சொன்னனான்," என்று ரூபிகாவைப் பார்த்துச் சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"உள்ளுக்குள்ள சாமான எடுக்கணும், மிஸ். பின் பலகையக் கழட்டோணும்," என்றார் அஷ்ரப்.

ரூபிகா ஒரு பெரிய பேசினைக் கொண்டுவந்து வைத்து, பைகளை ஒவ்வொன்றாக எடுத்து விரலால் அமர்த்திப் பார்த்தாள். நடுவில் ஐஸ் கட்டி இருந்தால் ஒரு பக்கம், முழுக்கத் தண்ணீராக இருந்தால் மறு பக்கம். ஐஸ் இருக்கும்வரை திரும்ப உறைய வைக்கலாம், தண்ணீரானால் எப்போது ஆனது என்று தெரியாமல் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது என்று கிளினிக்கில் நேர்ஸ் சொல்லியிருந்தாராம். அவள் வாய்க்குள் எண்ணிக்கொண்டே போனாள். அடுக்கின் நடுவில் இருந்த பதினேழு பையில்தான் ஐஸ் இருந்தது. நாற்பத்துநாலு பை பேசினுக்குள் கிடந்தது.

ஹமீமா ஐஸ் தட்டோடு வாசலில் நின்றார். அவர் பதினேழு பையையும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கொண்டுபோங்கோ," என்றேன்.

"மேல் தட்டுல வேற ஒண்டும் இல்ல சேர். நேத்து பின்னேரமே எல்லாம் எடுத்து, கழுவித் தொடச்சுத்தான் வெச்சீக்கேன். மகள் வருவாண்டு நெனச்சேன்."

நேற்றுப் பின்னேரமே. நான் வேண்டாம் என்றதற்குப் பிறகும். ஐஸ் தட்டை வாங்கிக்கொண்டேன்.

அவர்கள் இருவரும் கீழே போன நேரத்தில் அஷ்ரப் நாலு ஸ்க்ரூவைக் கழற்றி, ஃபிரீஸரின் பின் பலகையை இழுத்து எடுத்தார். உள்ளே வெள்ளிக் குழாய்கள், மேலே ஒரு கிளிப்பில் பயற்றங்காய்த் துண்டளவு வெள்ளைக் குமிழ் ஒன்று இரண்டு வயரோடு தொங்கியது.

"இதான் சென்சர். இவர்தான் பொட்டிக்குச் செய்தி சொல்ற ஆள். உள்ளுக்குள்ள என்ன குளிர்ண்டு இவர் சொல்றத்த வெச்சுத்தான் பொட்டி ஓடுற, நிக்கிற எல்லாம்."

"இதைத்தான் அந்தக் கம்பனிக்காரன் கழட்டிப் பாத்திருக்கவேணும். டோர்ச் அடிச்சுப்போட்டுப் போயிட்டான். முப்பத்தொரு வருசத்திலை நீதிமன்றத்திலை கள்ளச்சாட்சி சொன்னவங்களுக்குக்கூட இவ்வளவு திமிர் இருக்கேல்லை," என்றேன்.

அஷ்ரப் சென்சரைப் பிளக்கிலிருந்து கழற்றி, கிளாஸில் ஐஸையும் தண்ணீரையும் விட்டுக் கலக்கி, குமிழை அதற்குள் போட்டார். வயரின் இரண்டு முனையிலும் மீட்டரின் இரண்டு ஊசியையும் பிடித்தார்.

"ஐஸ் கரையிற தண்ணி எப்பவும் சைபர், சேர். கொழும்புலயும் சைபர், மக்காவுலயும் சைபர். சைபர்ல இது பதினாறு காட்டணும்." ஃபோனில் ஒரு அட்டவணையைத் திறந்து காட்டினார். ஒரு பக்கம் குளிர், மறு பக்கம் மீட்டர் எண். பூச்சியத்துக்கு நேரே பதினாறு.

மீட்டர் நாற்பத்தைந்து காட்டியது.

விரலால் அட்டவணையில் கீழே கீழே போனேன். நாற்பத்தைந்துக்கு நேரே மைனஸ் பதினெட்டு என்று இருந்தது. ஐஸ் தண்ணீருக்குள் குளித்துக்கொண்டு இருந்தபடியே அந்தக் குமிழ் மைனஸ் பதினெட்டு என்று சாதித்தது. எனக்கு உண்மையில் சந்தோஷமாக இருந்தது. இப்படிக் கையும் களவுமாகப் பிடிபட்ட சாட்சியை நான் புதுக்கடையில் இரண்டு மூன்று தரம்தான் பார்த்திருக்கிறேன்.

"வாங்கி ரெண்டரை வருசமும் ஆகேல்லை," என்றேன். "குப்பையைப் பூட்டி விக்கிறாங்கள். நான் இண்டைக்கே கம்பனிக்கு எழுதப்போறன். மூண்டு மொழியிலும் எழுதுவன்."

"கொஞ்சம் பொறுங்க சேர்," என்றார் அஷ்ரப்.

குமிழை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். வயர் குமிழுக்குள் நுழைகிற கழுத்து வெடித்திருந்தது. அந்த இடத்தில் பச்சை பிடித்திருந்தது. பிளக்கின் செம்புப் பல்லிலும் பச்சை. அவர் நகத்தால் சுரண்டினார்.

"இது தானா வராது. தண்ணி போயீக்கிது. ஒரு தரம் இல்ல, முந்தியும் போயீக்கிது. அந்தப் பச்ச ரெண்டு மூணு மாசத்துப் பச்ச." பிறகு பின் பலகையைத் திருப்பினார். காற்றுப் போகிற துவாரங்களின் உள்விளிம்பில், வெள்ளை ஃபோமில், பெரிய மஞ்சள் கறை கோடு கோடாக இறங்கிக் காய்ந்திருந்தது. அதை மூக்குக்குக் கிட்டப் பிடித்தார்.

"சேர், இது மஞ்சளா?"

எனக்கு உடனே விளங்கியது. அது விளங்காமல் இருக்கக் கூடாதா என்று ஒரு கணம் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம். பால் பைகளைக் குளிர் காக்கும் ரெஜிஃபோம் பெட்டியில் ஐஸ் போட்டு எடுத்து வைத்துவிட்டு, ஒரு செம்பு நிறைய மஞ்சள் தண்ணீர் கரைத்து, மீன் வாடை பின்சுவரில்தான் ஒளிந்திருக்கும் என்று அந்தத் துவாரங்களைப் பார்த்து வீசி ஊற்றினேன். ஒரு செம்பு போதாமல் இரண்டாவது செம்பும் ஊற்றினேன். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முதல் நாளும் அதே செம்பு, அதே சுவர். கீழே வடிந்ததைத் துணியால் ஒற்றிவிட்டு, எவ்வளவு துப்புரவாகச் செய்திருக்கிறேன் என்று நின்று பார்த்தேன்.

அஷ்ரப் என் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, கேள்வியை அப்படியே விட்டுவிட்டுத் தன் பையைக் கிண்டத் தொடங்கினார். "எனக்கிட்ட புதுசு ஈக்கிது சேர். பத்து நிமிசத்துல போட்டுடுவேன்," என்றார். நல்ல மனிதர். ஈரம் போயிருக்கிறது, இந்த மொடலுக்கு இது நடக்கும் என்று அவர் சொல்லியிருந்தால் என் வீட்டில் யாரும் மறுகேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

அப்போது ரூபிகா மேலே வந்தாள். தோளில் பிள்ளை நித்திரை.

"என்னவாம் அப்பா?"

முப்பத்தொரு வருடம் மற்றவர்கள் சொன்னதைத்தான் நான் சொல்லியிருக்கிறேன். வெட்டினேன் என்று ஒருவன் சொன்னால் வெட்டினேன் என்று நானும் சொன்னேன், அது என்னை ஒன்றும் செய்யவில்லை. இப்போது சொல்லவேண்டியது என் சொந்த வாக்குமூலம்.

"சென்சராம் பிள்ளை. தண்ணி போயிட்டுதாம்."

"என்ன தண்ணி? அதுக்குள்ளை எங்காலை தண்ணி?"

"மஞ்சள் தண்ணி," என்றேன். "நான் ஊத்தினது. செவ்வாய்க்கிழமையும் ஊத்தினனான், நல்லூருக்கும் ஊத்தினனான். நீ கதவைத் திறந்ததாலை இல்லை. சூட்டோடை வைச்சதாலையும் இல்லை. நான்தான்."

அவள் பலகையைப் பார்த்தாள், அந்தக் கறையைப் பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் ஏதாவது கத்தித் தப்பியிருப்பேன்.

"ஊத்தினீங்களோ?" என்று மெதுவாகக் கேட்டாள். "ஏன் அப்பா ஊத்தினீங்கள்?"

"அம்மா செய்யிறதுதானே. ஒவ்வொரு விரதத்துக்கும் அம்மா மஞ்சள் தண்ணியாலை கழுவுறவதானே."

"அம்மா கழுவுறேல்லை. துணியைத் தோய்ச்சு, ஒட்டப் பிழிஞ்சு, துடைப்பா. ஒரு சொட்டும் விழாது. நான் சின்னனிலை இருந்து பக்கத்திலை நிண்டு பாத்திருக்கிறன். நீங்களும் அங்கைதானே இருந்தனீங்கள்."

இருந்தேன். நாற்பது வருடம் அந்த வீட்டில்தான் இருந்தேன். அடுப்படியில் அவள் குனிந்து நிற்பது தெரியும், மஞ்சள் மணம் தெரியும், பெட்டி துப்புரவாகிவிட்டது என்று தெரியும். கையில் செம்பு இருந்ததா துணி இருந்ததா என்று நான் ஒரு நாளும் பார்க்கவில்லை. பேப்பர் வாசித்துக்கொண்டிருந்திருப்பேன், இல்லாவிட்டால் யாரையாவது ஏசிக்கொண்டிருந்திருப்பேன்.

அஷ்ரப் புதிய சென்சரை ஐஸ் தண்ணீரில் போட்டு மீட்டரைப் பிடித்தார். பதினாறு. அதைப் பூட்டி, பலகையை மாட்டி, பிளக்கைப் போட்டார். ஃபிரிட்ஜ் ஒரு தரம் நடுங்கிவிட்டு ஓடத் தொடங்கியது. கதவில் பிளஸ் நாலு என்று வந்தது. மூன்று நாளுக்குப் பிறகு அந்தப் பெட்டி சொன்ன முதல் உண்மை. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

"இரவைக்குள்ள இறங்கிடும்," என்றார் அஷ்ரப். கூலி எவ்வளவு என்று கேட்டேன், சொன்னார், கொடுத்தேன். செருப்பைப் போடும்போது குரலைத் தாழ்த்தி, "சேர், இது நெறைய வீட்டுல ஈக்கிது. நாங்களும் பெருநாளுக்கு முந்தி சவுக்காரம் போட்டு அடிச்சு ஊத்துவோம்," என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு இன்னும் எரிச்சலாக வந்தது, ஆனால் யார்மேல் என்று தெரியாததால் தலையை மட்டும் ஆட்டினேன்.

பேசின் மேசைமேல் இருந்தது. நாற்பத்துநாலு பை. ரூபிகா அதன் முன்னால் நின்று, மேலே கிடந்த ஒன்றை எடுத்துத் திகதியை வாசித்தாள். "செப்டெம்பர் ஒன்பது. அண்டைக்கு எனக்குக் காய்ச்சல்," என்றாள். அதைக் கீழே வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள், அதை வாசிக்கவில்லை.

"நான் பிறகு ஊத்துறன்," என்றேன். "நீ போய்ப் படு."

"இப்பவே ஊத்துங்கோ," என்றாள். "உங்களுக்குத்தான் நல்லா ஊத்தத் தெரியும்."

சொல்லிவிட்டு அறைக்குள் போகவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே இருந்தாள். நான் கத்தரிக்கோலை எடுத்துப் பையின் மூலையை வெட்டி, சிங்கில் ஊற்றினேன். இரண்டாவதை வெட்டி ஊற்றினேன். பாலில் ஒரு இனிப்பு மணம் இருந்தது. பதினைந்து, இருபது என்று போகப் போகக் கை வேகமாகும் என்று நினைத்தேன். வேகமாகவில்லை. ஒவ்வொரு பையிலும் அவள் எழுதிய திகதி கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. நாலரை மணிக்கு அவள் எழும்பியபோதெல்லாம் நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்த திகதிகள் அவை.

முடிந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. பேசினைக் கழுவக் கை போனது. அப்படியே விட்டேன்.

"கீழை இருக்கிறது மூண்டு நாளுக்குக் காணும்," என்றாள் ரூபிகா. குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "திங்கள் நான் போறன். போகாட்டில் வேலை போயிடும். கந்தோரிலை சாமான் அறைக்குள்ளை இருந்து எடுத்துக்கொண்டு வாறன். எவ்வளவு வரும் எண்டு தெரியாது. பிள்ளை உங்களோடைதான் இருக்கப்போறான்."

"ஓம் பிள்ளை."

"பாலை அடுப்பிலை வைக்கக் கூடாது. சுடுதண்ணிக் கோப்பைக்குள்ளை பையை வைச்சு இளக்கவேணும். குலுக்கக் கூடாது, மெதுவாச் சுழட்டவேணும். கையின்ரை மணிக்கட்டிலை ஒரு சொட்டு விட்டுச் சூடு பாக்கவேணும். நாளைக்குக் காலமை செய்து காட்டுறன்."

"எனக்குத் தெரியும், நீ செய்யிறதைக் கண்டிருக்கி..." என்று தொடங்கினேன்.

"தெரியாதப்பா," என்றாள். "பக்கத்திலை வந்து நிண்டு பாருங்கோ. அம்மாவைப் பாத்தமாதிரிப் பாக்காதேங்கோ."

பிள்ளை விழித்துக்கொண்டு அழத் தொடங்கினான். அவள் அவனைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனாள். கதவைச் சாத்தவில்லை.